ஒரே கப்பல், ஒரே பதிவு: வம்சாவளி மென்பொருளில் குடும்பத்தின் பொது நிகழ்வுகளை எழுதும் முறை

எங்கள் பெரியப்பாவின் குடும்பம் 1971ஆம் ஆண்டு இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து புறப்பட்டு, ஹட்டனில் கோச்சி (ரயில்) ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேஸ்வரம் போய்ச் சேர்ந்தது. பெரியப்பா, பெரியம்மா, நான்கு பிள்ளைகள், அப்பாயி என்று மொத்தம் ஏழு பேர். குடும்ப வரலாற்றைக் கணினியில் எழுதத் தொடங்கிய முதல் மாதத்தில் இந்த ஒரு பயணத்தை ஏழு பேருடைய பக்கத்திலும் ஏழு முறை தட்டெழுதினேன். சில மாதங்கள் கழித்துக் கூடலூரில் இருக்கும் அக்கா கடவுச்சீட்டைப் படமெடுத்து அனுப்பியபோது, அதில் குத்தியிருந்த முத்திரைத் தேதி நான் எழுதியிருந்த தேதியோடு ஒத்துப்போகவில்லை. உட்கார்ந்து திருத்தினேன், ஆறு பக்கங்களில் திருத்திவிட்டு ஒன்றை விட்டுவிட்டேன். பிறகு அச்சிட்டுப் பார்த்த அறிக்கையில், தோட்டத்தை விட்டுத் தனியே ஹட்டன் கடைத்தெருவுக்குக்கூடப் போயிராத அப்பாயி, தன் மகனுக்கு மூன்று வாரம் முந்தித் தனியாகக் கடல் கடந்ததாக இருந்தது.

அந்தப் பிழை எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. அதை அப்படியே விட்டிருந்தால், நாளை நம் பேரப்பிள்ளைகள் அதைத்தான் நம்பியிருப்பார்கள். ஆகவே புதிதாகக் குடும்ப மரம் எழுத உட்காரும் மலையகத்துப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: பலர் கலந்துகொண்ட ஒரு நிகழ்வை ஒரே ஒரு முறை எழுதுங்கள், கலந்துகொண்ட ஒவ்வொருவரையும் அந்த ஒரே பதிவோடு இணையுங்கள். தேதி தவறென்று தெரியவந்தால் ஓரிடத்தில் திருத்தினால் போதும், எல்லோருடைய பக்கத்திலும் தானாகத் திருந்திவிடும்.

இதற்கு நான் பயன்படுத்துவது கிராம்ப்ஸ் என்னும் இலவச மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும்; பெயர்களையும் குறிப்புகளையும் தமிழிலேயே தட்டெழுதலாம். ரூட்ஸ்மேஜிக், லெகசி போன்றவற்றிலும் நிகழ்வைப் பகிரும் வசதி உண்டு. பொத்தான்களின் பெயர்தான் மாறும். கிராம்ப்ஸில் ஆட்களுக்கு ஒரு வரிசை எண், குடும்பங்களுக்கு ஒன்று, நிகழ்வுகளுக்கு ஒன்று, இடங்களுக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். நிகழ்வு என்பது ஆளுடைய பக்கத்துக்குள் அடைந்து கிடக்கும் ஒரு வரி அல்ல, தனக்கென்று எண் கொண்ட தனிப் பதிவு. ஆளையும் நிகழ்வையும் ஓர் இணைப்பு சேர்த்து வைக்கிறது. அந்த ஆள் அந்த நிகழ்வில் என்னவாக இருந்தார் என்னும் பங்கு, அந்த இணைப்பில்தான் எழுதப்படுகிறது. இந்த ஓர் ஏற்பாடு மனத்தில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் கைப்பழக்கம்.

எதைப் பகிரலாம், எதைப் பகிரக்கூடாது

பிறப்பும் இறப்பும் ஒவ்வொருவருக்கும் தனி. இரட்டைப் பிள்ளைகளாக இருந்தாலும் இரண்டு பிறப்புப் பதிவுகள் வேண்டும், ஏனென்றால் நேரம் வேறு, சான்றிதழ் வேறு. இறப்பில் இது இன்னும் முக்கியம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து, தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களை மூடியது. அப்படியொரு பேரிடரில் உறவுகளை இழந்த குடும்பம், மண்சரிவை ஒரு பொது நிகழ்வாக எழுதி, அன்று அங்கே இருந்தவர்களையும் உயிர் தப்பியவர்களையும் அதனோடு இணைக்கலாம். ஆனால் இறந்த ஒவ்வொருவருக்கும் தனி இறப்புப் பதிவு எழுதப்பட வேண்டும். ஒரே இறப்புப் பதிவைப் பலருக்குப் பகிர்ந்தால், உடல் கிடைத்த நாள், அடக்கம் செய்த இடம், சான்றிதழ் எண் என்று ஆளுக்கு ஆள் வேறுபடும் விவரங்களுக்கு இடமே இல்லாமல் போய்விடும்.

பகிர்வதற்கு உரியவை திருமணம், சடங்கு, காதுகுத்து, கருமாதி, தோட்டம் மாறிய நாள், கப்பல் பயணம், புதுவீடு குடிபுகுதல் போன்றவை. நாட்டு வரலாற்றைக் குடும்ப நிகழ்வாக எழுத வேண்டாம் என்பது என் கருத்து. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும், 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தமும் நம் ஒவ்வொரு வீட்டையும் தொட்டவை என்பது உண்மை. இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட அந்த ஒப்பந்தம், நாடற்றவர்களாயிருந்த நம்மவர்களில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. ஆனால் உங்கள் தாத்தா அந்த ஒப்பந்தத்தில் கலந்துகொள்ளவில்லை. விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவரிடம் போய்க் கைநாட்டு வைத்தார். அந்தக் கைநாட்டுத்தான் குடும்ப நிகழ்வு. ஒப்பந்தம் அதன் கீழே எழுத வேண்டிய குறிப்பு.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. விண்ணப்பம் குடும்பமாகப் போயிருந்தாலும் கிடைத்த குடியுரிமை எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. அண்ணன் இந்தியாவுக்கு, தம்பி இலங்கைக்கு என்று ஒரே காம்பராவில் (லயத்து அறையில்) வளர்ந்தவர்கள் பிரிந்த கதை நம்மில் பலருக்குத் தெரியும். ஆகவே விண்ணப்பத்தை ஒரு பகிர்ந்த நிகழ்வாகவும், குடியுரிமை கிடைத்ததை ஒவ்வொருவருக்கும் தனி நிகழ்வாகவும் எழுதுங்கள். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தாலோ 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாலோ பின்னர் குடியுரிமை பெற்றவர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால், அவர்களுக்கும் இப்படியே.

கணினியைத் திறப்பதற்கு முன்

ஒரு கொப்பியை எடுத்து, நிகழ்வுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, என்ன நடந்தது, எப்போது, எங்கே, யார் யார் என்னவாக இருந்தார்கள், இதை எப்படி அறிந்தோம் என்பவற்றை எழுதிவிடுங்கள். கடைசிக் கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பெரியம்மா சொன்னது, கடவுச்சீட்டில் இருப்பது, கல்யாணப் பத்திரிகையில் அச்சானது என்று மூலத்தைக் குறிக்காமல் விட்டால், இரண்டு தேதிகள் மோதும்போது எதை ஏற்பது என்று தெரியாமல் நிற்போம்.

நம்மிடம் ஆவணம் குறைவு என்று சொல்லிச் சோர்ந்துபோகத் தேவையில்லை. பிறப்புச் சான்றிதழ், குடியுரிமைச் சான்றிதழ், இந்தியா போனவர்களுடைய குடும்ப அட்டை, சேமலாப நிதிக் காகிதம், பழைய செக்ரோல் (தோட்டத்து வேலைநாள் பதிவேடு) துண்டு, கருமாதிப் பத்திரிகை எல்லாமே சான்றுதான். இவற்றுள் பலரும் தேடாத ஒன்று மொய் நோட்டு. ஒரு கல்யாணத்துக்கு எந்தத் தோட்டத்திலிருந்து யார் வந்தார் என்பதை ஊர்ப் பெயரோடு வரிசையாகச் சொல்லும் பதிவு வேறெதுவும் இல்லை. எங்கள் அத்தையின் கல்யாண மொய் நோட்டில், பெயருக்கு முன்னால் பழைய தோட்டத்தின் பெயர் எழுதியிருந்த ஒரே வரியால்தான், தாத்தா குடும்பம் அதற்கு முன்னால் பொகவந்தலாவைப் பக்கத்தில் இருந்தது எங்களுக்குத் தெரியவந்தது. ஆனால் மொய் எழுதிய இருநூறு பேரையும் கல்யாணத்தோடு இணைக்க முயல வேண்டாம். நோட்டை முழுவதும் படமெடுத்து நிகழ்வோடு சேர்த்துவிட்டு, உறவு தெரிந்தவர்களையும் ஏதாவது ஒரு முறை செய்தவர்களையும் மட்டும் இணையுங்கள்.

இடத்தை முதலில் எழுதுதல்

நிகழ்வுக்கு முன் இடம். நம் தோட்டங்களுக்குக் காகிதத்தில் ஒரு பெயரும் ஆட்களின் வாயில் வேறொரு பெயருமாக இருப்பதால், இடத்தை நிகழ்வுக்குள் அவசரமாகத் தட்டெழுதினால் ஒரே தோட்டம் இரண்டு தோட்டமாகிவிடும். கிராம்ப்ஸில் ஓர் இடத்துக்குப் பல பெயர்களை, எந்தக் காலத்தில் வழங்கின என்பதோடு எழுதலாம். ஓர் இடம் எதற்குள் அடங்கும் என்றும் காட்டலாம். மாவட்டம், அதற்குள் தோட்டம், அதற்குள் மேற்பிரிவு அல்லது கீழ்ப்பிரிவு, தெரிந்தால் லயம் என்று படிப்படியாக அமையுங்கள். லயம் வரைக்கும் போக வேண்டுமா என்று கேட்கலாம். போக வேண்டும்; பெரியவர்களுடைய நினைவு தோட்டத்தின் பெயரில் அல்ல, "பணிய லயத்துக் கடைசிக் காம்பரா" என்பதில்தான் நிற்கிறது.

பயணத்தை எழுதிப் பார்த்தல்

இப்போது பெரியப்பாவின் கப்பல் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். முதலில் ஏழு பேரும் ஆட்களாகப் பதிவாகியிருக்க வேண்டும். பெரியப்பாவின் பக்கத்தைத் திறந்து, நிகழ்வுகள் என்னும் பகுதிக்குப் போய், கூட்டல் குறியை அழுத்துங்கள். வகை என்னும் பெட்டியில், கொடுத்திருக்கும் பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். பொருந்தியது இல்லாவிட்டால் "தாயகம் திரும்பல்" என்றோ "கப்பல் பயணம்" என்றோ நீங்களே தட்டெழுதலாம், அது அடுத்த முறை பட்டியலில் வந்துவிடும். தேதி திட்டமாகத் தெரியாவிட்டால் ஊகித்து எழுதாதீர்கள். "ஆடி மாசம், தேருக்கு அடுத்த வாரம்" என்றுதான் பெரியம்மா சொன்னாரென்றால், தேதிப் பெட்டியில் ஜூலை நடுவுக்கும் ஓகஸ்ட் நடுவுக்கும் இடையில் என்று கொடுத்துவிட்டு, அவர் சொன்ன சொல்லை அப்படியே குறிப்பில் எழுதுங்கள். விவரிப்பு என்னும் பெட்டியில், "தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரம், பெரியப்பா குடும்பம், 1971" என்பதுபோல், நூறு நிகழ்வுகளின் நடுவிலும் கண்டுபிடிக்கத் தகுந்த ஒரு வரியை எழுதுங்கள். வெறுமனே "பயணம்" என்று எழுதினால் பின்னர் பட்டியலில் தேடி அலுத்துப்போவீர்கள். மூலமாகக் கடவுச்சீட்டின் படத்தைச் சேர்த்துவிட்டுச் சேமியுங்கள்.

அடுத்து பெரியம்மாவின் பக்கம். இங்கேதான் புதியவர்கள் தவறுவது. பழக்கத்தில் கை மறுபடியும் கூட்டல் குறிக்குப் போகும், அதை அழுத்தாதீர்கள். பக்கத்திலேயே, ஏற்கெனவே உள்ள நிகழ்வைப் பகிர்வதற்கான ஷேர் என்னும் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் இதுவரை எழுதிய நிகழ்வுகளின் பட்டியல் விரியும். நம் பயணத்தைத் தேர்ந்தெடுங்கள். உடனே திறக்கும் சன்னலில் இரண்டு பிரிவுகள் இருக்கும். ஒன்று எல்லோருக்கும் பொதுவான தகவல்: வகை, தேதி, இடம், விவரிப்பு. மற்றது இந்த ஆளுக்கு மட்டும் உரிய இணைப்புத் தகவல்: பங்கு, தனிக்குறிப்பு, தனிப் பண்புகள். பொதுத் தகவலில் எதை மாற்றினாலும் அது கலந்துகொண்ட எல்லோருக்கும் மாறும் என்று அந்தச் சன்னலே எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையை ஒரு முறை நிதானமாகப் படித்துவிடுங்கள்; பெரியம்மாவின் பக்கத்தில் நின்றுகொண்டு, "பெரியம்மாவுக்குக் கடலில் வாந்தி" என்று பொது விவரிப்பில் எழுதினால் அது ஏழு பேருக்கும் போய்ச் சேரும். அதை எழுத வேண்டிய இடம் இணைப்பின் தனிக்குறிப்பு.

வயதும் அப்படித்தான். கடவுச்சீட்டில் மூத்த பிள்ளைக்குப் பதினொன்று, கடைசிக்கு இரண்டு என்று இருந்தால், அவரவர் இணைப்பில் வயது என்னும் பண்பாகப் பதியுங்கள். பிறந்த தேதியைக் கணக்கிட்டு அதோடு "சரிசெய்து" எழுத வேண்டாம். ஆவணம் சொன்ன வயது தவறாக இருந்தாலும் ஆவணம் சொன்னது அதுதான். தோட்டப் பதிவுகளில் வயது கூடியும் குறைந்தும் இருப்பதற்குக் காரணங்கள் உண்டு, அந்த வேறுபாடே பின்னர் ஒரு துப்பாக அமையலாம்.

அப்பாயியின் பெயர் அந்தக் கடவுச்சீட்டில் இல்லை; அவருக்குத் தனிக் கடவுச்சீட்டு. அதனால் அவர் வேறு நிகழ்வு என்று ஆகாது. பயணம் ஒன்றே, சான்று இரண்டு. அவருடைய கடவுச்சீட்டை இரண்டாவது மூலமாக அதே நிகழ்வில் சேர்த்து, "அப்பாயி உடன் பயணம் செய்ததற்கு இது சான்று" என்று மூலக்குறிப்பில் எழுதினேன்.

பங்கு என்னும் பெட்டியைப் பார்க்காமல் தாண்டிப்போகாதீர்கள். மென்பொருள் தரும் பட்டியலில் முதன்மை, சாட்சி, மணமகன், மணமகள், குடும்பம், தகவல் தந்தவர் போன்றவை இருக்கும். நமக்கு வேண்டியதை நாமே எழுதிச் சேர்க்கலாம். பயணம் போன்ற நிகழ்வில் போனவர்கள் எல்லோரையும் முதன்மை என்றே குறிப்பது நல்லது என்பது என் அனுபவம்; காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். கோச்சியில் தலைமன்னார் வரைக்கும் கூடவே போய் அழுதுகொண்டு திரும்பி வந்த சித்தப்பாவுக்கு "வழியனுப்பியவர்" என்ற பங்கு. அவர் கப்பலேறவில்லை, ஆனால் அந்த நாள் அவருடைய வாழ்க்கையிலும் உண்டு. இணைக்காமல் விட்டால் அவருடைய பக்கத்தில் அந்த ஆண்டு வெறுமையாகக் கிடக்கும்.

கல்யாணத்தை எழுதுதல்

கல்யாணம் கணவன், மனைவி இருவருக்கும் சேர்ந்த நிகழ்வாதலால் அதை எவருடைய தனிப் பக்கத்திலும் தொடங்காமல், அவர்களுடைய குடும்பப் பக்கத்தில் எழுத வேண்டும். அப்படி எழுதினால் இருவருக்கும் அது தானாகவே சேர்ந்துவிடும். மறுபடியும் தனித்தனியாகப் பகிரத் தேவையில்லை. மற்றவர்களைத்தான் ஷேர் பொத்தானால் இணைக்க வேண்டும்: தாய்மாமன், மாப்பிள்ளைத் தோழன், தாலி எடுத்துக் கொடுத்தவர், கல்யாணத்தைப் பேசி முடித்தவர், பதிவில் கையெழுத்திட்ட சாட்சிகள். "உறவினர்" என்ற ஒரே பங்கில் எல்லோரையும் அடைப்பதால் பயனில்லை. தாய்மாமன் என்ற சொல்லே, பெண்ணின் தாயோடு பிறந்தவர் யார் என்ற கேள்விக்கு விடையாகிறது. இன்னும் பதிவாகாத ஒரு கிளை அந்த ஒரு சொல்லிலிருந்து திறந்துகொள்ளலாம். ஒரே பங்குக்கு ஒரே எழுத்துமுறையை மட்டும் கடைப்பிடியுங்கள். ஓரிடத்தில் தாய்மாமன், இன்னோரிடத்தில் தாய் மாமா என்று எழுதினால் மென்பொருள் அவற்றை இரண்டு பங்காகவே கொள்ளும்.

கோயிலில் தாலி கட்டியதும் பதிவாளர் முன் எழுத்து வைத்ததும் நம் பக்கத்தில் பல நேரம் வேறு வேறு நாள். சில குடும்பங்களில் பிள்ளைகள் பிறந்து வெகுகாலத்துக்குப் பிறகுதான் பதிவு நடந்திருக்கிறது. இரண்டையும் ஒன்றாக்கி ஒரு தேதியைக் கைவிடாதீர்கள். ஒரு குடும்பத்துக்கு இரண்டு நிகழ்வுகள் இருக்கலாம். ஒன்றின் விவரிப்பில் "தாலி கட்டு", மற்றதில் "பதிவு" என்று எழுதிவிட்டால் மயக்கம் வராது.

ஏற்கெனவே பலமுறை எழுதிவிட்டவர்களுக்கு

நான் செய்த தவறையே நீங்களும் செய்திருந்தால், அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. முதலில் முழுக் கோப்புக்கும் ஒரு காப்புப் பிரதி எடுத்துவிட்டு, நிகழ்வுகளின் பட்டியலுக்குப் போய், தேதி வரிசையில் அடுக்குங்கள். ஒன்றுபோலத் தோன்றும் இரண்டைத் தேர்ந்தெடுத்து, ஒப்பிட்டு இணைக்கும் கட்டளையைக் கொடுத்தால், எந்தத் தேதியை, எந்த இடத்தை வைத்துக்கொள்வது என்று கேட்கும். இரண்டு இரண்டாகத்தான் இணைக்க முடியும் என்பதால் ஏழு பதிவுகளுக்கு ஆறு முறை செய்ய வேண்டும். இணைத்து முடித்தபின் அந்த நிகழ்வைத் திறந்து, அதைச் சுட்டுபவர்களின் பட்டியலில் எல்லோரும் இருக்கிறார்களா என்று எண்ணிப் பாருங்கள்.

அறிக்கை எடுத்தல்

திரையில் சரியாக இருப்பது அச்சில் சரியாக வரும் என்று எண்ணிவிடக்கூடாது. ஒவ்வொரு அறிக்கையும் பகிர்ந்த நிகழ்வுகளை ஒவ்வொரு விதமாகக் காட்டும். பிறப்பு, கல்யாணம், இறப்பு தவிர மற்றவற்றைச் சேர்க்கவா என்று அறிக்கையின் விருப்பங்களில் கேட்கப்படும் இடத்தில் குறியிடாவிட்டால், நீங்கள் பாடுபட்டு எழுதிய கப்பல் பயணம் அச்சில் வராமலே போகும். ஐந்நூறு பேருக்கும் எடுப்பதற்கு முன், பெரியம்மா ஒருவருக்கு மட்டும் தனிநபர் முழு அறிக்கையும், தாத்தாவில் தொடங்கும் விரிவான சந்ததி அறிக்கையும் எடுத்துப் படித்துப் பாருங்கள். ஒரே பயணம் ஏழு பேருக்குக் கீழும் ஏழு முறை அச்சாவதைத் தடுக்க முடியாது. அது அறிக்கையின் இயல்பு. ஆனால் ஏழிலும் தேதி ஒன்றாகவே இருக்கும்.

ரூட்ஸ்மேஜிக் போன்றவற்றில் ஒவ்வொரு பங்குக்கும் அறிக்கையில் வர வேண்டிய வாக்கியத்தின் மாதிரியை நீங்களே அமைக்கலாம். தமிழில் அமைக்கும்போது ஒரு தொல்லை வரும்: பெயர் வரவேண்டிய இடத்தில் மென்பொருள் பெயரை அப்படியே வைக்குமே தவிர, வேற்றுமை உருபைச் சேர்த்துப் புணர்த்தாது. "முருகாயிஇன் கல்யாணத்தில்" என்று வந்து நிற்கும். இதற்கு எளிய வழி, பெயருக்குப் பின்னால் எப்போதும் "என்பவர்" என்று ஒரு சொல்லை வைத்து, உருபை அதில் ஏற்றிவிடுவது. இன்னார் என்பவருடைய கல்யாணத்தில் இன்னார் என்பவர் தாய்மாமனாக இருந்து சீர் செய்தார் என்று அமைத்தால் எந்தப் பெயர் வந்தாலும் வாக்கியம் உடையாது. கிராம்ப்ஸில் அறிக்கையை ஓடிடி (.odt) ஆவணமாக எடுத்து, லிப்ரே ஆஃபிஸ் என்னும் இலவச எழுத்து மென்பொருளில் திறந்தால், வாக்கியங்களைக் கையால் சீர்செய்துகொள்ளலாம்; தகவல் பிழையை மட்டும் அங்கே திருத்தாமல், மூலக் கோப்பில் திருத்திவிட்டு மறுபடியும் எடுங்கள்.

மற்றவர்களுக்கு அனுப்புதல்

கோத்தகிரியிலோ கூடலூரிலோ இருக்கும் உறவினர் வேறு மென்பொருள் வைத்திருந்தால், ஜெட்கொம் என்னும் பொதுக் கோப்பு வடிவத்தில் அனுப்ப வேண்டியிருக்கும். இன்றும் பெரிதும் புழங்கும் 5.5.1 பதிப்பில், பலர் ஒரு நிகழ்வைப் பகிர்வதற்கு இடம் இல்லை. முதன்மைப் பங்கில் இருப்பவர்களுடைய நிகழ்வு மட்டும் ஆளுக்கொரு பிரதியாக எழுதப்படும். வழியனுப்பியவர், தாய்மாமன் போன்ற இணைப்புகள் வழியில் உதிர்ந்துபோகும். பயணம் செய்த எல்லோரையும் முதன்மை என்று குறிக்கச் சொன்னதற்கு இதுதான் காரணம்: சித்தப்பாவின் இணைப்பு போனாலும் ஏழு பேருடைய பயணமாவது போய்ச் சேரும். 2021இல் வெளிவந்த 7.0 பதிப்பு, ஒரு நிகழ்வின் கீழ் தொடர்புடையவர்களையும் அவர்களுடைய பங்கையும் எழுத இடம் தருகிறது. இரு பக்கத்து மென்பொருளும் அதை ஏற்குமா என்று சிறிய கோப்பொன்றை அனுப்பிச் சோதித்துப் பாருங்கள். உதிர்ந்துவிடும் என்று தெரிந்த இணைப்புகளை, நிகழ்வின் பொதுக் குறிப்பில் ஒரு வாக்கியமாகவும் எழுதி வைப்பது என் வழக்கம். குறிப்பு எந்த வடிவத்திலும் கூடவே போகும்.

உங்களுக்கென்று வைத்துக்கொள்ளும் காப்புப் பிரதி கிராம்ப்ஸின் சொந்த வடிவத்தில், படங்களும் உள்ளடங்கிய பொதியாக இருக்கட்டும். அதில் எந்தப் பங்கும் தொலையாது. வெளியே அனுப்பும் பிரதியில் மட்டும், உயிரோடு இருப்பவர்களுடைய விவரங்களையும், கடவுச்சீட்டு, அடையாள அட்டை எண்கள் தெரியும் படங்களையும் தனிப்பட்டவை என்று பூட்டிவிடுங்கள். குடியுரிமைக்காக நாற்பது ஆண்டு அலைந்த ஒருவருடைய காகிதத்தை, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வெளியில் விடக்கூடாது.